ஆர்கைல்: ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையைச் சுற்றிப் பார்க்கவும் அங்கே குடியேறவும் முழுமையான வழிகாட்டி

ஆர்கைலுக்குச் சுற்றுலா வருவோரும், வேலை கிடைத்துக் குடிவருவோரும் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். செய்ய வேண்டியவற்றை எல்லாம் செய்கிறார்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். தீவில் விடுதிக்குப் பணம் கட்டிய பிறகு ஃபெர்ரி கப்பலில் காருக்கு இடம் தேடுகிறார்கள். வேலையில் சேரும் தேதியைக் கொடுத்த பிறகு வாடகை வீடு தேடுகிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையைச் சரிசெய்யவே எழுதப்பட்டவை. முதல் ஆறு படிகள் இரு சாராருக்கும் பொது. ஏழாவதிலிருந்து உள்ளவை குடியேற நினைப்பவர்களுக்கு.

1. வரைபடத்தில் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

விரித்த கைவிரல்களைப் போல நிலம் நீண்டு கிடக்க, விரல்களுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கும் மாவட்டம் இது. ஆகவே வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது பயணத்தில் பக்கத்தில் இருக்காது. கிளாஸ்கோவிலிருந்து கேம்பல்டவுன் நேர்கோட்டில் சுமார் 60 மைல். சாலையில் ஏறத்தாழ 140 மைல். டார்பர்ட்டிலிருந்து எதிர்க்கரையான போர்ட்டவாடிக்கு ஃபெர்ரியில் 25 நிமிடம். அதையே நடுவே உள்ள லாக் ஃபைன் என்ற கடற்கழியைச் சுற்றிக் காரில் போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்.

உள்ளே வரும் முக்கியச் சாலைகள் இரண்டு. கிளாஸ்கோவிலிருந்து லோமண்ட் ஏரியின் கரையோரமாக ஏ82-இல் வந்து, டார்பெட்டில் பிரிந்து ஏ83-இல் இன்வெரரே, லாக்கில்ப்ஹெட், கேம்பல்டவுன் போவது ஒன்று. ஏ82-இலேயே டின்ட்ரம் வரை போய், அங்கிருந்து ஏ85-இல் ஓபன் போவது மற்றொன்று. ஏ83 ஏறிக் கடக்கும் 'ரெஸ்ட் அண்ட் பீ தேங்க்ஃபுல்' கணவாயில் கனமழைக்குப் பின் மண்சரிவு ஏற்பட்டுச் சாலை மூடப்படுவதுண்டு. அப்படி மூடினால் டின்ட்ரம், டால்மல்லி வழியாக வந்து ஏ819-இல் இறங்கி இன்வெரரேயை அடையலாம். இந்த மாற்றுவழியைப் புறப்படும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கணவாயின் அடிவாரத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இன்னொரு பொறி ஊர்ப்பெயரில் இருக்கிறது. லோமண்ட் ஏரிக்கரையில் இருப்பது டார்பெட். கின்டயர் தீபகற்பத்தின் தலையில் இருப்பது டார்பர்ட். ஆர்கைலுக்கு வெளியே ஹாரிஸ் தீவில் இன்னொரு டார்பர்ட்டும் உண்டு. வழிகாட்டிச் செயலியில் பெயரை மட்டும் தட்டாமல் அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துத் தட்டுங்கள். கிராமப்புறத்தில் ஒரே குறியீடு பல பண்ணை வீடுகளுக்குப் பொதுவாக இருக்கும் என்பதால், கடைசி ஒரு மைலுக்கான வழியை வீட்டுக்காரரிடமே கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

2. மாதத்தை முடிவு செய்யுங்கள்

என்னைக் கேட்டால் மே மாதம் என்பேன். பகல் நீண்டிருக்கும், மலைச்சரிவுகளில் புளூபெல் பூத்திருக்கும், கடிக்கும் சிறுகொசுவான மிட்ஜ் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றில்லாத மாலைகளில், நீர்நிலையோரம் நின்று பேசக்கூட முடியாத அளவுக்கு அது மொய்க்கும். காற்று சற்று வீசினால் மிட்ஜால் பறக்க முடியாது. ஆகவே கூடாரமோ குடிலோ தேடும்போது மரங்கள் சூழ்ந்த பள்ளத்தைவிடக் காற்றுப் படும் மேடே மேல். பஃபின் பறவைகளைப் பார்க்க வேண்டும் என்றால் மே முதல் ஜூலைக்குள் வர வேண்டும். ஆகஸ்டில் அவை கடலுக்குத் திரும்பிவிடும்.

டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஏழு மணி நேரம்தான். பல விடுதிகளும் பார்வையிடங்களும் அக்டோபர் முடிவிலிருந்து ஈஸ்டர் வரை மூடியிருக்கும். குளிர்காலத்தில் வரக்கூடாது என்பதில்லை. திறந்திருக்கும் இடங்களைத் தொலைபேசியில் விசாரித்து உறுதிசெய்துகொண்டு வர வேண்டும்.

3. விசா, ஓட்டுநர் உரிமம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரிட்டனுக்கான வருகை விசா எடுக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்குத் தனி விசா கிடையாது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி தேவைப்படுகிறது. இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு 12 மாதம் வரை கார் ஓட்டலாம். குடியேறுபவர்கள் அந்த அவகாசத்துக்குள் பிரிட்டன் உரிமம் பெற வேண்டும் என்பதால், வந்த முதல் மாதத்திலேயே, பழகுநருக்கான தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். தேர்வுத் தேதிக்கான காத்திருப்பு அந்த ஓராண்டில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடும்.

4. முதலில் ஃபெர்ரி, அடுத்து தங்குமிடம், கடைசியில் கார்

தீவுக்குப் போவதாக இருந்தால் இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்னூருக்கும், கென்னக்ரெய்க்கிலிருந்து ஐலா தீவுக்கும் போகும் கால்மேக் நிறுவனத்தின் ஃபெர்ரிகளில் கோடைக்கால வார இறுதியில் காருக்கான இடம் பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். விடுதி ஒன்று நிறைந்தால் இன்னொன்றைத் தேடலாம். ஃபெர்ரி நிறைந்தால் உங்கள் பயண நாளே மாறிவிடும். போகும் பயணத்தை மட்டும் பதிவு செய்துவிட்டுத் திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுபவர்களை ஒவ்வொரு கோடையிலும் துறைமுக வரிசையில் பார்க்கிறேன்.

காரில்லாமல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைக்கும். கோலின்ட்ரைவிலிருந்து பியூட் தீவுக்குப் போவது போன்ற சிறு ஃபெர்ரிகளுக்கு முன்பதிவு இல்லை. வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். டனூன் ஊருக்கு மெக்கின்ராய்ஸ் பாயின்ட்டிலிருந்து வெஸ்டர்ன் ஃபெர்ரீஸ் நிறுவனத்தின் கார் ஃபெர்ரி அடிக்கடி போகிறது, 20 நிமிடம்தான்.

அயோனா தீவுக்குப் போகிறவர்கள் கணக்கிட வேண்டியது இது: ஓபனிலிருந்து கிரெய்க்னூருக்கு சுமார் 50 நிமிடம், அங்கிருந்து மல் தீவின் மறுமுனையான ஃபினஃபோர்ட்டுக்கு 37 மைல், அதில் பெரும்பகுதி ஒற்றைத் தடச் சாலை, ஒன்றேகால் மணி நேரம், பிறகு பத்து நிமிடச் சிறு ஃபெர்ரி. சுற்றுலாப் பயணிகளின் கார் அயோனாவுக்குள் போக முடியாது. ஒரே நாளில் போய்த் திரும்பலாம், ஆனால் காலை முதல் ஃபெர்ரியைப் பிடித்தால்தான் தீவில் நிதானமாக நடக்க நேரம் மிஞ்சும்.

காற்று பலமானால் ஃபெர்ரி நின்றுவிடும். ஆகவே நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் தீவில் கழிக்காதீர்கள். ஓபனிலோ கிளாஸ்கோவிலோ தங்குங்கள். முந்தைய நாள் மாலையும் புறப்படும் காலையும் கால்மேக் செயலியில் சேவை நிலையைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரை கிளாஸ்கோவிலேயே எடுங்கள். அங்கேதான் தெரிவு அதிகம். தானியங்கி கியர் கார் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். கார் ஓட்டத் தெரியாதவர்களும் ஏமாற வேண்டியதில்லை. கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓபனுக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம் எடுக்கும். இந்த ரயில் கிரியன்லாரிச்சில் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி ஃபோர்ட் வில்லியம் பக்கம் போவதுண்டு. ஏறும்போதே எந்தப் பெட்டிகள் ஓபனுக்கு என்று நடத்துநரிடம் கேட்டு உட்காருங்கள்.

5. ஒற்றைத் தடச் சாலையில் ஓட்டும் முறை

இடப்பக்கம் ஓட்டும் பழக்கம் நமக்கு இருப்பதால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் இங்கே சாலையின் அகலமே ஒரு காருக்குத்தான் இருக்கும். சிறிது தூரத்துக்கு ஒரு முறை சாலை ஓரத்தில் சற்று அகலப்படுத்திய ஒதுங்கிடம் வரும். அதைக் காட்ட வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள்.

எதிரே கார் வருவது தெரிந்ததும் உங்களுக்கும் அதற்கும் நடுவே உள்ள ஒதுங்கிடங்களில் எது யாருக்கு அருகில் என்று பாருங்கள். உங்களுக்கு அருகில் உள்ளது இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையக்கூடாது. அதற்கு நேர் எதிரே உங்கள் தடத்திலேயே நின்று, எதிரே வருபவர் அதற்குள் போய்ச் சுற்றிக்கொண்டு கடக்க விடுங்கள். வலப்பக்கம் குறுக்கே புகுந்தால், அதே நேரத்தில் அவரும் அதற்குள் திரும்பிக்கொண்டிருப்பார். புதியவர்கள் மோதலுக்குப் பக்கத்தில் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடந்து போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்துவது இங்கே நன்றி சொல்லும் முறை.

பின்னால் வரும் காருக்கும் இதே ஒதுங்கிடத்தில் வழிவிட வேண்டும். அந்தக் காரில் இருப்பவர் ஃபெர்ரிக்கோ மருத்துவமனைப் பணிக்கோ போகும் உள்ளூர்வாசியாக இருக்கலாம். நீங்கள் காட்சி பார்த்துக்கொண்டு 20 மைல் வேகத்தில் போவதில் தவறில்லை, அவரையும் 20 மைலில் இழுத்துச் செல்வதுதான் தவறு. புகைப்படம் எடுக்க ஒதுங்கிடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடக்காதீர்கள். ஒன்று அடைபட்டாலே எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று, வளைவில் நூறு மீட்டர் பின்னோக்கிப் போக நேரும்.

அந்தி நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்துவிட்டது என்று வேகமெடுக்காமல் அடுத்ததை எதிர்பாருங்கள். மது அளவு விஷயத்திலும் கவனம் தேவை: ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. ஐலாவின் விஸ்கி வடிசாலைகளைச் சுற்றுகிறவர்களில் கார் ஓட்டுபவர் ஒரு மிடறும் குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

6. நடைப்பயணமும் கூடாரமும்

2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, ஸ்காட்லாந்தின் பெரும்பாலான நிலங்களிலும் நீர்நிலைகளிலும் பொறுப்போடு நடமாட எல்லோருக்கும் உரிமை உண்டு. இந்த உரிமை கால்நடையாகவும் சைக்கிளிலும் துடுப்புப் படகிலும் போகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு அல்ல. ஆகவே சாலையோரம் கேம்பர்வேன் என்ற படுக்கை வசதியுள்ள வண்டியில் படுப்பது இந்த உரிமையில் சேராது. கூடாரம் அடிப்பவர்கள் வீடுகளையும் சாலையையும் விட்டு விலகி, சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மிகாமல் தங்க வேண்டும். லோமண்ட் ஏரி, டிராசக்ஸ் தேசியப் பூங்காவின் சில கரையோரப் பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை முன்அனுமதியும் தேவை.

ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நாயோடு மேய்ச்சல் நிலத்துக்குள் போகாதீர்கள். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியபடியும் விடுங்கள். புல்லுக்குள் நடந்த நாளின் இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருந்துக்கடையில் விற்கும் உண்ணிக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பால் சுடுவது போன்ற கைவைத்தியம் வேண்டாம். கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் நாளாக ஆகப் பரவினால் லைம் நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலையேறும் முன், அவசர உதவிக்கான 999 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியில் கைப்பேசியைப் பதிவு செய்துவிடுங்கள். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்திலும் குறுஞ்செய்தி சில வேளை போய்ச்சேரும். ஆனால் முன்கூட்டிப் பதிவு செய்யாத எண்ணிலிருந்து அது வேலை செய்யாது.

7. குடியேறும் முன் ஜனவரியில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள்

ஜூன் மாதத்தில் பார்த்து மயங்கி வீடு வாங்கியவர்கள், இரண்டு குளிர்காலத்துக்குப் பின் விற்றுவிட்டுப் போவது இங்கே புதிதல்ல. ஆகவே முடிவெடுக்கும் முன் ஜனவரியில் வாருங்கள், விடுதியில் அல்லாமல் சமையலறை உள்ள வாடகைக் குடிலில் தங்குங்கள். காலை ஒன்பது மணி வரை விடியாததையும், நான்கு மணிக்குள் இருட்டுவதையும், பல நாள் விடாமல் பெய்யும் மழையையும், மருந்துக்கடைக்கும் மளிகைக்கும் ஓட்ட வேண்டிய தூரத்தையும் குடும்பத்தோடு ஒரு வாரம் அனுபவித்தால் வேறு ஆராய்ச்சி தேவைப்படாது.

8. வீடு உறுதியாகும் முன் வேலையில் சேரும் தேதியைக் கொடுக்காதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு, பள்ளி, மீன்பண்ணை, வடிசாலை, விடுதி என்று எல்லாத் துறையிலும் ஆள் தேவைப்படுகிறது. அவர்கள் குடியிருக்க வீடுதான் இல்லை. இப்பகுதியின் உள்ளாட்சி அமைப்பான ஆர்கைல் அண்ட் பியூட் கவுன்சில் 2023 ஜூனில் வீட்டுவசதி அவசரநிலையை அறிவித்தது. ஸ்காட்லாந்தில் அப்படி அறிவித்த முதல் கவுன்சில் அதுவே. எனவே வேலைக் கடிதம் வந்ததும் முதலாளியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தொடக்க மாதங்களுக்குப் பணியாளர் குடியிருப்பு உண்டா என்பது. இல்லையென்றால் சேரும் தேதியைத் தள்ளிப்போடக் கேளுங்கள். ஆள் கிடைக்காத இடத்தில் அந்தக் கோரிக்கையைப் பெரும்பாலும் ஏற்பார்கள்.

ஆசிரியர்கள் ஸ்காட்லாந்தின் ஆசிரியர் மன்றத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்; இங்கிலாந்தின் தகுதி தானாகச் செல்லாது. பராமரிப்புப் பணியாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழி 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அந்த வேலையைக் காட்டிப் பணம் கேட்கும் முகவர்களை நம்பாதீர்கள்.

வாடகை வீட்டு விளம்பரத்தில் வீட்டுக்காரரின் பதிவு எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். 2017 டிசம்பர் முதல் இங்கே போடப்படும் தனியார் வாடகை ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி கிடையாது. நீங்கள் காலிசெய்ய 28 நாள் அறிவிப்பு போதும். முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது, அதை வீட்டுக்காரர் தன் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் 30 வேலைநாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும். பதிவுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம் என்று எதுவும் கேட்பது சட்டவிரோதம். இதில் ஒரு கண்ணி உண்டு: அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை மட்டும் என்று மலிவாகக் கிடைப்பவை சுற்றுலாக் குடில்கள். வசந்தம் வந்ததும் காலிசெய்யச் சொல்வார்கள், அதற்குள் பிள்ளை அந்த ஊர்ப் பள்ளியில் பழகியிருக்கும்.

வாங்குவதாக இருந்தால், விற்பவர் தரும் ஹோம் ரிப்போர்ட்டை முதலில் படியுங்கள். கட்டட ஆய்வும் மதிப்பீடும் அதில் இருக்கும். 'இத்தனை பவுண்டுக்கு மேல்' என்று விலை குறிப்பிட்டு, ஒரு நாளைக் குறித்து, மூடிய உறையில் எல்லோரிடமும் விலை கேட்பார்கள். வங்கி கடன் தருவது மதிப்பீட்டை வைத்து, நீங்கள் சொன்ன விலையை வைத்து அல்ல. மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் தொகை முழுதும் கையிலிருந்து போக வேண்டும். இதைக் கணக்கிடாமல் விலை சொல்லி, பிறகு பணத்துக்கு அலைந்தவர்கள் பலர். விலை சொல்வதே வழக்கறிஞர் மூலம்தான் என்பதால் வீடு பார்க்கும் முன்பே ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இரு தரப்பு வழக்கறிஞர்களின் கடிதப் பரிமாற்றம் முடிந்துவிட்டால் ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். பிறகு பின்வாங்கினால் இழப்பீடு கொடுக்க நேரும்.

9. வீட்டைப் பார்க்கும்போது காட்சியைவிட்டுக் குழாயைப் பாருங்கள்

சூடேற்றுவது எதனால் என்று கேளுங்கள். ஓபனிலும் கேம்பல்டவுனிலும் லாரியில் வரும் திரவ இயற்கை எரிவாயுவால் இயங்கும் தனிக் குழாய்வலை உண்டு. கிராமங்களில் பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டி, சிலிண்டர் எரிவாயு, மின்சாரம் அல்லது விறகடுப்பு. எண்ணெயைப் பொதுவாக ஒரே முறையில் 500 லிட்டராவது வாங்க வேண்டும் என்பதால், குடிபோன வாரமே பெருந்தொகை கைவிட்டுப் போகும். கடந்த குளிர்காலத்தின் எரிபொருள் ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கழிவுநீர் செப்டிக் தொட்டிக்குப் போகிறதா, குடிநீர் மலை ஓடையிலிருந்து தனிக் குழாயில் வருகிறதா என்றும் கேளுங்கள். தனி நீராதாரம் என்றால் அண்மைய பரிசோதனை முடிவும், கிருமிநீக்கும் புற ஊதா விளக்கு எப்போது மாற்றப்பட்டது என்பதும் தெரிய வேண்டும். இணைய வேகத்தை விளம்பரத்தை நம்பாமல், அந்த வீட்டுக்குள் நின்றே சோதியுங்கள்.

நம் சமையலுக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிரில் எல்லாச் சன்னலையும் அடைத்துக்கொண்டு சாம்பாரைக் கொதிக்க வைத்துக் குக்கரில் விசில் விட்டால், அந்த ஆவி முழுதும் படுக்கையறையின் குளிர்ந்த வடக்குச் சுவரில் நீராகப் படிந்து, சில வாரங்களில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சையாகும். வெளியே காற்றைத் தள்ளும் விசிறி அடுப்புக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சமைக்கும் நேரத்தில் சமையலறைக் கதவை மூடி, சன்னலைத் திறந்து வையுங்கள்.

10. மருத்துவமும் பள்ளியும்

முகவரி கிடைத்த அன்றே உள்ளூர் மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். உடம்புக்கு வந்த பிறகு பதிவு செய்யப் போனால் நாள் கடந்துவிடும். ஓபனில் உள்ள லார்ன் அண்ட் ஐலண்ட்ஸ் மருத்துவமனை அவசரச் சிகிச்சையைக் கவனித்துக்கொள்ளும். சிறப்பு மருத்துவத்துக்குப் பெரும்பாலும் கிளாஸ்கோ பக்கம் அனுப்புவார்கள். தொலைதூரப் பயணச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறத் திட்டம் உண்டு. பயணச்சீட்டுகளை எறியாமல் வைத்திருங்கள். கர்ப்பிணிகளும் தொடர்சிகிச்சை தேவைப்படுபவர்களும் தீவில் வீடு பார்க்கும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்துச்சீட்டுக்கு ஸ்காட்லாந்தில் கட்டணம் இல்லை.

பள்ளி ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்கி ஜூன் கடைசியில் முடியும். முகவரியை வைத்தே பள்ளி ஒதுக்கப்படும். சில தீவுகளின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வாரநாட்களில் ஓபனில் உள்ள விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் வீடு பார்க்கும்போதே அறிந்திருப்பது நல்லது. 22 வயதுக்கு உட்பட்டவர்கள் அட்டை வாங்கிக்கொண்டால் பேருந்தில் கட்டணமின்றிப் போகலாம்.

11. முதல் குளிர்காலத்துக்கான இருப்பு

புயலில் மின்சாரம் போனால் 105 எண்ணில் தெரிவிக்க வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு, சிலிண்டர் அடுப்பு, கைப்பேசிக்குப் பவர் பேங்க், மூன்று நாளுக்கு உணவு ஆகியவை அக்டோபருக்குள் வீட்டில் இருக்கட்டும். சிலிண்டர் அடுப்பைப் பற்றவைக்கும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும்.

அரிசி, பருப்பு, புளி ஆகியவற்றை கிளாஸ்கோவின் பொல்லக்ஷீல்ட்ஸ் பகுதிக் கடைகளில் மூட்டையாக வாங்கி வருவதுதான் கட்டுப்படியாகும். இணையத்தில் வாங்கினால், ஆர்கைலின் பல அஞ்சல் குறியீடுகளுக்குச் சில நிறுவனங்கள் கூடுதல் அனுப்புகட்டணம் விதிக்கும். 'பிரிட்டன் முழுதும் இலவசம்' என்று போட்டிருந்தாலும் பணம் கட்டும் பக்கம் வரை போய், குறியீட்டைத் தட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கறிவேப்பிலையை மட்டும் கொத்தாக வாங்கி, கழுவி ஈரம் போக உலர்த்தி, உறைபெட்டியில் போட்டுவிட்டால் அடுத்த கிளாஸ்கோ பயணம் வரை தாங்கும்.